மேடையை எங்கே போடுவது?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் பேசும்போது, "உங்க தொழிலைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க. அட்வைஸ் மட்டும் வேண்டாம். போன வருஷம் மூணு பேர் கொடுத்துட்டாங்க, பசங்க எழுந்து போயிட்டாங்க" என்றார். ஆகவே தொழிலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் சிவில். படித்து முடித்ததும் பாலம் கட்டுவேன், அணை கட்டுவேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நான் கட்டுவதெல்லாம் நாலு நாளில் எழும்பி, ஒரு ராத்திரி நின்று, விடிவதற்குள் லாரி ஏறிவிடும். ஸ்டேடியங்களில் நடக்கிற பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு மேடை, அதன் மேல் கூரை, திரை, ஒலிபெருக்கி தொங்கும் கோபுரம் இவையெல்லாம் தாங்குமா தாங்காதா என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் மாமனார் கடைசி வரைக்கும் "மாப்பிள்ளை பந்தல் கான்ட்ராக்டர்" என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலொன்றும் பெரிய தப்பில்லை.

இந்தத் தொழிலில் முதல் நாள் மேஜை மேல் விரிவது மைதானத்தின் வரைபடம். முதல் கேள்வி, மேடையை எங்கே போடுவது? கேட்பதற்கு ரொம்பச் சின்னக் கேள்வி. கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஓரத்தில் போட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு செவ்வகத்தை வரைபடத்தில் எங்கே வைக்கிறோம் என்பதிலேயே யாருக்குத் தெரியும், யாருக்குக் கேட்கும், கூட்டம் எந்தப் பக்கம் சாயும், அவசரம் என்றால் எந்த வழியாக வெளியே போகும் என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. பாடகர் எங்கே நின்றாலும் பாடிவிடுவார். பிரச்சினை அவருக்கு இல்லை.

ஸ்டேடியத்தில் கச்சேரி என்ற வழக்கத்துக்கு எல்லோரும் உதாரணம் காட்டுவது 1965 ஆகஸ்ட் 15. நியூயார்க்கில் ஷேய் ஸ்டேடியம், பேஸ்பால் மைதானம். பீட்டில்ஸ் குழு வாசித்தது. வந்தவர்கள் 55 ஆயிரத்துக்கும் மேல். மைதானத்தின் நடுவில், இரண்டாவது பேஸ் பக்கத்தில், ஒரு சின்ன மேடை. புல்தரையில் ஒரு ரசிகர்கூடக் கிடையாது, எல்லோரும் சுற்றி கேலரியில். அன்றைக்குக் கிடாருக்குக் கொண்டுபோன ஆம்ப்ளிஃபையர் 100 வாட். இன்றைக்கு ஒரு தெருமுனை அம்மன் கோயில் திருவிழாவில் அதைவிட அதிகம் கட்டுகிறோம். அலறல் சத்தத்தில் பாட்டு ரசிகருக்கும் கேட்கவில்லை, வாசித்தவர்களுக்கும் கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்கள் உடம்பு ஆடுவதைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டதாக டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொன்னார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் மாதத்தோடு அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதையே விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் வந்த பழக்கம்தான் இன்றைக்கும் பெரும்பாலும் நடப்பது. கால்பந்து மைதானம் என்றால் ஒரு கோல் பக்கம் மேடை. பின்னாலும் பக்கவாட்டிலும் இருக்கிற கேலரியைக் கறுப்புத் துணி போட்டு மூடிவிடுவார்கள். மற்றதெல்லாம் டிக்கெட். எங்கள் பாஷையில் இது 'எண்ட் ஸ்டேஜ்', ஓரமேடை. வசதி என்ன? பின்பக்கம் ஒளிவுமறைவாக வேலை செய்யலாம், லாரி நேராக வந்து நிற்கும், பெரிய திரை வைக்கலாம், ஒலிபெருக்கி ஒரே திசையைப் பார்த்தால் போதும். நஷ்டம் என்ன? கால்வாசி இருக்கை போச்சு. இன்னொரு நஷ்டம் கடைசி வரிசைக்காரருக்கு.

அவருடைய கஷ்டத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், மாணவர்கள் மனசிலேயே போட்டுப் பார்க்கலாம். ஐந்தரை அடி, அதாவது சுமார் 1.7 மீட்டர் உயரமான பாடகர் 170 மீட்டர் தள்ளி நிற்கிறார். கையை முன்னால் நீட்டி, கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் விரலை வைத்து அளந்தால் அவர் உயரம் எவ்வளவு இருக்கும்? 6 மில்லிமீட்டர். ஒரு அரிசி மணி. அதுவே மேடையை நடுவுக்குக் கொண்டுவந்து தூரத்தை 100 மீட்டராகக் குறைத்தால் 1 சென்டிமீட்டர். ஒரு கொண்டைக்கடலை. ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கி, ரயிலேறி வந்த ஒருவருக்கு நாம் அரிசி மணியைக் காட்டப்போகிறோமா, கொண்டைக்கடலையைக் காட்டப்போகிறோமா என்பதுதான் விஷயம். திரை இருக்கிறதே என்பீர்கள். திரை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மியூனிக்கில் அடேல் பத்து நாள் பாடினார். அதற்காகவே தற்காலிகமாக ஒரு அரங்கம் கட்டி, 220 மீட்டர் நீளத்துக்கு எல்.இ.டி. திரை வைத்தார்கள். ஆனால் திரையைப் பார்க்கத்தான் வந்தோமா என்று கடைசி வரிசைக்காரர் கேட்டால் அதற்கு எங்களிடம் நல்ல பதில் கிடையாது.

நம் நாட்டில் இது இன்னும் மோசம். கால்பந்து மைதானம் 105 மீட்டருக்கு 68 மீட்டர். கிரிக்கெட் மைதானம் அதைவிட ரொம்பப் பெரிய வட்டம், குறுக்கே 130, 140 மீட்டர் வரும். தடகள ஓடுபாதை சுற்றியிருக்கும் மைதானம் என்றால் கேலரி இன்னும் பின்னால் போய்விடும். சரி, நடுவில் போடலாம் என்றால் கிரிக்கெட் மைதானத்தின் நடுவில் என்ன இருக்கிறது? பிட்ச். அந்த 22 கஜத்தின் மேல் ஒரு தள்ளுவண்டி ஏறினாலே பிட்ச் பராமரிப்பாளர் சண்டைக்கு வருவார். எங்கள் கிரேனை விடுவாரா? மெல்போர்ன் மைதானத்தில் பிட்சை வேறு இடத்தில் வளர்த்துப் பெயர்த்துக் கொண்டுவந்து பதிக்கிறார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லை. ஆகவே இங்கே பெரும்பாலும் ஓரமேடைதான்.

இப்போது ஒலி. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் மன்னிக்கணும், உங்கள் வயலில் கொஞ்சம் மேய்கிறேன்.

வெளிச்சம் உடனே வந்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் ஓடும். 100 மீட்டர் தள்ளியிருப்பவருக்கு 0.29 நொடி கழித்துத்தான் கேட்கும். திரையில் பாடகர் வாய் மூடிய பிறகு சொல் காதில் விழும். ஒரு நிமிஷத்துக்கு 120 தட்டு போகும் பாட்டில் ஒரு தட்டு அரை நொடி. பின்வரிசைக்காரர் தனக்குக் கேட்கிற தாளத்துக்குச் சரியாகத்தான் கை தட்டுகிறார். அந்தக் கைதட்டல் மேடைக்குத் திரும்பிப்போக இன்னொரு 0.29 நொடி. மொத்தம் 0.58. பாடகர் காதில் அது முழுசாக ஒரு தட்டைத் தாண்டி விழுகிறது. 'ஜனங்களுக்குத் தாள ஞானம் இல்லை' என்று மேடையிலிருப்பவர் அலுத்துக்கொள்வதுண்டு. ஜனங்களுக்கு ஞானம் இருக்கிறது, காற்றுக்குத்தான் வேகம் இல்லை.

இதற்கு மருந்து, மைதானத்தின் பாதியில் துணைக் கோபுரங்கள் நட்டு அவற்றிலும் ஒலிபெருக்கி கட்டுவது. ஆனால் அந்த ஒலிபெருக்கி உடனே பேசக்கூடாது. மேடையிலிருந்து கிளம்பிய ஒலி அங்கே வந்து சேரும் வரை காத்திருந்து, அதற்கப்புறம் நொடியில் நூறில் ஒரு பங்கு போல இன்னும் கொஞ்சம் தாமதித்துப் பேச வேண்டும். அப்போதுதான் கேட்பவர் மூளை, ஒலி மேடையிலிருந்து வருகிறது என்று நம்பும். முதலில் வந்த திசையைத்தான் காது எடுத்துக்கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-லேயே ஆராய்ச்சி செய்து எழுதிவிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாயங்காலம் 35 டிகிரியில் அளந்து வைத்த தாமதம், ராத்திரி 25 டிகிரி ஆகும்போது சரியாக இருக்காது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும். 100 மீட்டருக்கு 5 மில்லிநொடி வித்தியாசம். நல்ல ஒலிப் பொறியாளர் இடைவேளையில் டீ குடிக்கப் போகமாட்டார், இதைத்தான் திருத்திக்கொண்டிருப்பார்.

அந்தக் கோபுரங்கள் நிற்கும் இடம் யார் பார்வையை மறைக்கிறது என்பது அடுத்த தகராறு. நடுவில் ஒலி, ஒளி கட்டுப்பாட்டு மேஜைகள் இருக்கும் கூடாரம் வேறு. அதற்கு நேர் பின்னால் டிக்கெட் வாங்கியவர் கூடாரத்துத் துணியைப் பார்த்துக்கொண்டு பாட்டுக் கேட்கலாம்.

ஓரமேடைக்கும் நடுமேடைக்கும் நடுவில் ஒரு சமரசம் வந்தது. மேடையிலிருந்து ஒரு நடைபாதை கூட்டத்துக்குள் நீண்டு போய், நுனியில் ஒரு சின்ன மேடை. 'பி ஸ்டேஜ்' என்பார்கள். யூ-டூ குழு 1992-ல் தொடங்கிய ஜூ டிவி பயணத்தில் இதை நன்றாகப் பயன்படுத்தினார்கள். 1997-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ஒரு படி மேலே போய், உள்ளுக்குள் மடங்கியிருந்து நீளும் ஒரு பாலத்தை மேடையிலிருந்து கூட்டத்தின் தலைக்கு மேல் நீட்டி, மைதானத்தின் நடுவிலிருந்த சின்ன மேடைக்கு நடந்து போனார்கள். 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 நிகழ்ச்சி நடத்திய டெய்லர் ஸ்விஃப்டின் மேடையும் இந்த வம்சம்தான். மைதானத்தின் நீளத்துக்கு ஓடும் நடைபாதை. யோசித்துப் பார்த்தால் நம் தெருக்கூத்தில் மூன்று பக்கமும் ஜனம் உட்கார்ந்திருக்கும். கட்டியங்காரன் ஒவ்வொரு பக்கமும் திரும்பித்தான் பேசுவான். பார்க்க வந்தவனுக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல.

ஆனால் பாடகர் அந்த நுனிக்குப் போனால் இரண்டு சிக்கல். பிரதான ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கோடு நிற்கிறார், அது கீச்சென்று கத்தும். அடுத்தது, பின்னாலிருந்து வாத்தியம் அவர் காதுக்கு வர 50 மீட்டர், அதாவது 0.15 நொடி ஆகிறது. அவர் கேட்டுப் பாடினால் முழுப் பாட்டும் பின்தங்கும். இதைத் தீர்த்தது அவர் காதுக்குள் இருக்கிற சின்னக் குமிழ்தான். வாத்தியம் ரேடியோ அலையில் வருகிறது, காற்றில் அல்ல. ஆகவே தாமதம் இல்லை. காதில் வைக்கிற பட்டாணி அளவுப் பொருள்தான் அந்த நீள நடைபாதைகளைச் சாத்தியமாக்கியது என்பது என் அபிப்பிராயம். இரும்பு வேலை செய்கிற நாங்கள் பெருமை அடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

முழுசாக நடுவில் போட்டவர்களும் உண்டு. 2009 ஜூன் 30-ல் பார்சிலோனாவில் யூ-டூ தொடங்கிய '360 டிகிரி' பயணம். நாலு கால், 50 மீட்டர் உயரம், நடுவில் வட்டமேடை. நண்டு மாதிரியும் இருக்கும், விண்கலம் மாதிரியும் இருக்கும். வில்லி வில்லியம்ஸும் கட்டடக் கலைஞர் மார்க் ஃபிஷரும் வடிவமைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் நாலு கால் வளைவோடு நிற்கிற தீம் பில்டிங் என்ற கட்டடத்தைப் பார்த்து வந்த யோசனை. நடுவில் மேடை போட்டால் ஒலிபெருக்கி, விளக்கு, திரை எல்லாம் தொங்க ஒரு கூரை வேண்டும். கூரைக்குத் தூண் வேண்டும். தூண் நட்டால் பார்வை மறைக்கும். அந்த நாலு காலையும் வெளியே விரித்துத் தூக்கியதுதான் அதன் தந்திரம். இருக்கை எண்ணிக்கை 15 முதல் 20 சதவீதம் கூடியது. 110 நிகழ்ச்சி, 70 லட்சத்துக்கும் மேல் ரசிகர்கள், 73 கோடி டாலருக்கும் மேல் வசூல். அன்றைக்கு அது உலக சாதனை. ஆனால் அந்த நண்டைக் கட்டப் பல நாள் ஆகும் என்பதால் மூன்று நண்டு செய்ய வேண்டியிருந்தது. ஒன்றில் கச்சேரி, அடுத்த ஊரில் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கும், மூன்றாவது லாரியில். எல்லோராலும் இது முடியுமா?

2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் மெட்டாலிக்கா வேறு மாதிரி செய்தார்கள். மேடையே வளையம். வளையத்துக்குள்ளும் ரசிகர்கள், வெளியேயும் ரசிகர்கள். டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு பக்கம் மட்டும் பார்க்கக்கூடாது என்று வளையத்தில் நாலு இடத்தில் நாலு டிரம்ஸ் செட். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவர் இடம் மாறுவார். நடுமேடையில் யாருக்காவது முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். எல்லோருக்கும் சம நேரம் முதுகு என்று பங்கு போட்டுக்கொள்வதுதான் நியாயம்!

இதுவரை சொன்னது கண்ணும் காதும். கையெழுத்துப் போடும் எனக்குத் தூக்கம் கெடுவது வேறு இரண்டு விஷயத்தில். ஒன்று காற்று, இன்னொன்று கூட்டம்.

காற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. சிவில்காரர்களுக்குப் பரீட்சை ஞாபகம் வரும். அழுத்தம் என்பது 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 20-க்கு 10 மீட்டர் திரை, 200 சதுர மீட்டர். காற்று நொடிக்கு 10 மீட்டர் என்றால் அதன் மேல் விழும் தள்ளுவிசை சுமார் 1.2 டன். 20 மீட்டர் என்றால் இரட்டிப்பு அல்ல, நாலு மடங்கு, கிட்டத்தட்ட 5 டன். மைதானத்தில் குழி தோண்டி அடித்தளம் போட முடியாது, புல் போய்விடும். ஆகவே தண்ணீர்த் தொட்டிகளைக் காலில் கட்டி எடை கொடுப்போம். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன். எந்த வேகத்தில் திரையை இறக்குவது, எந்த வேகத்தில் ஆட்களை வெளியேற்றுவது, அதை யார் சொல்வது என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைக்க வேண்டும். 2011 ஆகஸ்ட் 13-ல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் சூறைக்காற்றில் மேடைக்கூரை கூட்டத்தின் மேல் சாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். புயல் வருவது அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். நிறுத்தச் சொல்ல வேண்டியது யார் என்பதில்தான் தெளிவில்லை.

கூட்டம் இதைவிடக் கஷ்டமான கணக்கு. ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் நின்றால் நகரலாம். ஆறு, ஏழு பேர் ஆனால் அது கூட்டம் இல்லை, திரவம். அலை அடிக்கும். உங்கள் கால் தரையில் இருந்தாலும் எங்கே போவது என்பது உங்கள் கையில் இல்லை. இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு விட முடியாமல் இறக்கிறார்கள். 2000 ஜூன் 30-ல் டென்மார்க்கில் ரோஸ்கில்ட விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் ஒன்பது இளைஞர்கள் இப்படித்தான் போனார்கள். அதற்குப் பிறகு கூட்டத்தைத் தடுப்பு வைத்துப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறை ஐரோப்பாவில் கண்டிப்பானது.

இங்கேதான் மேடை வடிவம் வருகிறது. கூட்டத்துக்குள் நீளும் நடைபாதை, அலையை இரண்டாகப் பிளக்கும் அணைக்கரை மாதிரி. அது நல்லது. ஆனால் நடைபாதையும் மேடையும் சேரும் மூலை இருக்கிறதே, அது மீன் பிடிக்கிற வலையின் மூலை மாதிரி. எல்லோரும் அங்கேதான் வந்து சேருவார்கள், வெளியே போக வழியிருக்காது. அந்த மூலையில் ஆட்களைத் தூக்கி எடுக்க ஒரு சந்து, குறைந்தது நாலைந்து அடி அகலம், விட்டே ஆக வேண்டும். தடுப்புகளையும் பார்த்து வைக்க வேண்டும். 2021 நவம்பர் 5-ல் ஹூஸ்டனில் டிராவிஸ் ஸ்காட் நடத்திய ஆஸ்ட்ரோவேர்ல்ட் நிகழ்ச்சியில் பத்து பேர் இறந்தார்கள். மிகச் சின்னவனுக்கு வயது ஒன்பது. நெரிசல் மோசமாக இருந்த பகுதிக்கு மூன்று பக்கமும் இரும்புத் தடுப்பு. மற்றொரு மேடையில் நிகழ்ச்சி முடிந்த கூட்டம் நாலாவது பக்கத்திலிருந்து உள்ளே வந்துகொண்டே இருந்தது. காப்பாற்ற வைத்த தடுப்பே பெட்டியாகிவிட்டது.

நம் நாட்டில் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு வரைபடம் என் கைக்கு வந்தது. மைதானத்துக்கு ஆறு வாசல். மேடை வைத்த இடத்தில் அதில் இரண்டு வாசல் அடைபட்டுவிட்டது. மேடைக்கு முன்னால் குறுக்கே ஒரே நீளத்துக்கு வி.ஐ.பி. சோபா, அதற்குப் பின்னால் இரும்புத் தடுப்பு, அதற்கும் பின்னால் நிற்கும் கூட்டம். முன்பக்கம் வெளியேற ஒரு சந்துகூட இல்லை. மேடையைத் தொண்ணூறு டிகிரி திருப்பி நீளப் பக்கத்தில் போடுங்கள், சோபாவை இரண்டாகப் பிரித்து ஓரத்துக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னேன். திருப்பினால் நல்ல கேலரி ஒன்று மேடைக்குப் பின்னால் போய்விடும், சில ஆயிரம் டிக்கெட் போகும்.

அமைப்பாளர் என்னைவிட வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். "சார், நீங்க மேடை நிக்குமான்னு பார்க்க வந்தீங்களா, கச்சேரியை நிறுத்த வந்தீங்களா?" என்றார்.

"மேடை நிக்கும் தம்பி. ஜனம் நிக்குமான்னு பார்க்கிறேன்" என்றேன்.

"வாசல் கணக்கு உங்க வேலை இல்லையே சார்."

சட்டப்படி அவர் சொன்னது சரி. நான் தருவது கட்டுமானத்துக்கான சான்று. ஆனால் என் கட்டுமானம்தானே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது? மூன்று நாள் இழுபறி. என் கையெழுத்து இல்லாமல் லைசென்ஸ் கிடைக்காது, வேறு ஆள் தேட நேரமில்லை, ஆகவே திருப்பினார்கள். கச்சேரி நடந்தது. நல்ல கூட்டம். அசம்பாவிதம் எதுவும் இல்லை. அடுத்த நாள் அமைப்பாளர் போன் பண்ணி, "பார்த்தீங்களா சார், ஒண்ணுமே ஆகலை. வீணா அத்தனை டிக்கெட் போச்சு" என்றார். அதற்கப்புறம் அந்த நிறுவனம் என்னைக் கூப்பிடவே இல்லை. எங்கள் வேலையில் ஒன்றும் ஆகாமல் இருந்தால் அதற்கு நாங்கள்தான் காரணம் என்று நிரூபிக்க வழியே கிடையாது. மேடையைத் திருப்பாமலே இருந்தாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இந்த வாசல் கணக்கை மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிரிட்டனில் 'கிரீன் கைடு' என்று ஒரு கையேடு இருக்கிறது. 1971 ஜனவரி 2-ல் கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானத்தின் படிக்கட்டில் 66 பேர் இறந்ததற்குப் பிறகு, 1973-ல் வந்தது. அதில் ஒரு எண் இருக்கிறது. சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியாக ஒரு நிமிஷத்தில் 82 பேர் வெளியேறலாம். படிக்கட்டு என்றால் 66 பேர். எட்டு நிமிஷத்துக்குள் எல்லோரும் இருக்கைப் பகுதியை விட்டு வெளியேறிவிட வேண்டும். 40 ஆயிரம் பேர் என்றால் நிமிஷத்துக்கு 5 ஆயிரம். 82-ஆல் வகுத்தால் 61 மீட்டர் அகல வாசல் வேண்டும். அதில் எத்தனை மீட்டரை மேடை அடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் மற்ற கணக்கையே எடுப்பேன்.

இதை ஏன் ஸ்டேடியத்தோடு நிறுத்தாமல் இங்கே சொல்கிறேன் என்றால், 2023 நவம்பர் 25. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மாணவர்களே நடத்திய தொழில்நுட்ப விழா, திறந்தவெளி அரங்கில் பாட்டு நிகழ்ச்சி. திடீரென்று மழை வர, வெளியே நின்ற கூட்டம் உள்ளே நுழைய முண்டியது. நுழைவாயிலை ஒட்டிக் கீழிறங்கும் படிகள். நாலு பேர் இறந்தார்கள், அதில் மூன்று பேர் அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். ஸ்டேடியமும் இல்லை, லட்சம் பேரும் இல்லை.

நேற்று சாயங்காலமே நான் இங்கே வந்துவிட்டேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு (அப்படியேதான் இருக்கிறது), ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நம் ஓ.ஏ.டி.க்குப் போனேன். வாட்ச்மேன் அண்ணன் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். இரண்டு வாசல். ஒவ்வொன்றும் 8 அடி. மொத்தம் 16 அடி, அதாவது 4.9 மீட்டர். இரண்டும் சமதரை, நல்ல வேளை. நிமிஷத்துக்கு 400 பேர், எட்டு நிமிஷத்துக்கு 3,200 பேர். போன வருஷம் கல்சுரல்ஸ் கடைசி ராத்திரிக்கு ஐயாயிரம் பேர் வந்ததாகப் பெருமையாகச் சொன்னார்கள். போட்டோவும் காட்டினார்கள். போட்டோவில் கிழக்கு வாசலில் ஜெனரேட்டர் வண்டி நிற்கிறது. அப்படியென்றால் 3,200-ம் இல்லை, 1,600.

மேடை மேற்குச் சுவரை ஒட்டி இருப்பதால் கேபிள் அந்தப் பக்கம் வர வேண்டும், அதனால்தான் ஜெனரேட்டர் கிழக்கு வாசலில் என்று கல்சுரல் செக்ரட்டரி தம்பி சொன்னார். சரிதான். கேபிளை இன்னும் நாற்பது மீட்டர் நீட்டினால் வண்டியை கேன்டீன் பின்பக்கம் நிறுத்தலாம். வடக்குச் சுவரில் பழைய வாசல் ஒன்று செங்கல் வைத்து அடைத்திருக்கிறது. எங்கள் காலத்தில் அது திறந்துதான் இருந்தது, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஹாஸ்டலுக்குப் போக அதுதான் வழி, வார்டனுக்கும் தெரியும். அதைப் பத்தடிக்குத் திறந்தால் எட்டு நிமிஷத்தில் ஐயாயிரம் பேரும் வெளியேறிவிடலாம். கணக்கு சுத்தமாக வருகிறது. சுவர் உடைக்க முதல்வர் அனுமதி வேண்டும். அவர் இங்கேயே இருக்கிறார், நான் இப்போது அவரைப் பார்க்கவில்லை. செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்ளும். காலையில் டிபன் சாப்பிடும்போதே எட்டுப் பேரிடம் பேசிவிட்டேன்.

கல்சுரல்ஸ் கமிட்டி மாணவர்கள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வரைபடத்தோடு வந்தால் லைப்ரரி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். பென்சில், ரப்பர் இரண்டும் கொண்டு வாருங்கள். என்னிடம் டேப் இருக்கிறது.